பிறந்த தேதியைச் சொல்லுங்க, மேடம்

தங்கச்சி,

நேற்று மத்தியானம் கோர்ட் அபராத பாக்கியை வசூலிக்கும் கம்பெனியிலிருந்து என்னைக் கூப்பிட்டது நீதான். வேறு பெயர் சொல்லிவிட்டால் உன் குரல் எனக்குத் தெரியாதா?

போன ஈஸ்டருக்கு என் காரை வாங்கிப் போய், ரிவர்ஸ் எடுக்கும்போது தபால் பெட்டியில் இடித்துப் பின்விளக்கை உடைத்தாய். "ரெண்டு வாரத்துல மாத்தித் தரேன்டி" என்றாய். பிறகு செயின்ட் லூயிஸில் வேலை கிடைத்துப் போய்விட்டாய். மூன்றாவது வாரம் அந்த விளக்குக்காகப் போலீஸ் என்னை நிறுத்தியது. அபராதம் தொண்ணூறு டாலர்.

கையில் காசில்லை. தவணை கேட்கலாம் என்று என் கைக்குழந்தை ஒடெஸாவைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன்.

"கொழந்தைய உள்ள விடமாட்டோம்மா. யார்கிட்டயாவது விட்டுட்டு வாங்க" என்றான் வாசல் காவலாளி.

"யார்கிட்ட விடுறது, உங்ககிட்டயா?"

வாசலோடு திருப்பி அனுப்பினான். உள்ளே நான் வரவே இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். அந்தத் தொண்ணூறோடு வராததற்கு அபராதம், வாரன்ட்டுக்குக் கட்டணம், கோர்ட் செலவு எல்லாம் சேர்ந்து இருநூற்றெண்பது ஆயிற்று. அதன் தலையில் உன் கம்பெனி நாற்பது சதவீதம் ஏற்றி, முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கொடு என்கிறது.

அதைக்கூட உன் பிழைப்பு என்று விட்டிருப்பேன். "நான்தான்டி" என்று மெல்லமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ என்ன கேட்டாய்?

"சரிபார்க்கணும் மேடம். உங்க பிறந்த தேதியைச் சொல்லுங்க."

சொன்னேன். ஒவ்வொரு எண்ணாக நீ தட்டும் சத்தம் கேட்டது. உனக்கும் அதே தேதிதானே, உன் விரல் ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. "நன்றி மேடம், சரியா இருக்கு" என்றாய்.

இப்படிக்கு,
உனக்குப் பதினோரு நிமிடம் முன்னால் பிறந்த மேடம்