உண்ணி வந்த வழி

ஆவணி 9, செவ்வாய்

மகளின் காதுக்குப் பின்னால் இன்றும் ஓர் உண்ணி. வீட்டு வளவுப் புல்லை மண்வெட்டியால் செருக்கி, வேப்பம் பிண்ணாக்குத் தூவி, வேப்பிலைப் புகையும் போட்டாயிற்று. பிறகும் எங்கிருந்து வருகிறது?

போன கிழமை, பக்கத்து வீட்டு அண்ணையின் நாயால்தான் என்று வேலியில் நின்று கத்தினேன். "சரி தங்கச்சி, நான் அதை எங்கையாவது கொண்டுபோய் விட்டிட்டு வாறன்" என்றார். அன்றே விட்டும்விட்டார்.

இன்று பின்னேரம் ஆட்டுக்குப் புல்லுக்கட்டை அவிழ்த்தேன். புல் நுனிகளில் உண்ணிகள் ஊர்ந்தன. ஆளில்லாத காணியில் அறுத்து, நாள்தோறும் நானே சுமந்துவந்து மாமரத்தடியில் போடுகிற புல். மகள் விளையாடுவதும் அங்கேதான்.

அண்ணையிடம் சொல்ல இரண்டு தரம் எழும்பிப் போய், வேலியோடு திரும்பிவிட்டேன். நாய் வந்தால் உள்ளே வரட்டும் என்று அவர் இன்றும் வேலிப் படலையைச் சாத்தவில்லை.