மூன்றாம் அழைப்பு

கருவரை நாட்டுக் கோமகனார் வல்லிளங்கீரனார் திருவோலை. ஆழித்துறைக் காவற்படைத் தலைவர் கொற்றங்குடையார் காண்க. உமது துறையில் கலங்கள் பழுதின்றிக் கரைசேர்க. உமது ஊர்க் கிணறுகள் வற்றாதிருக்க. உமக்குக் கூறும் வாழ்த்து இவ்வளவே.

ஒருவனைப் பிடிக்குமுன் 'அரசாணை, நில்' எனக் காவலர் மும்முறை அழைக்க வேண்டும், மூன்றாம் அழைப்புக்கும் நில்லாதவனையே அடிக்கலாம் என்பது நம் ஆணை. பிடிக்கும்போது கைகால்களை முறித்தார்கள் என்று உமது ஊரிலிருந்து பதினொரு முறையீடுகள் வந்தமையால், விசாரிக்க நியாயத்தார் பெருவிழுதனாரை அனுப்பினோம்.

அவர் பதினொரு கைது ஓலைகளையும் வாங்கிப் படித்தார். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'மும்முறை அழைத்தும் நில்லாமல் ஓடியதால் அடிக்க நேர்ந்தது.' அவருக்கு முதலில் ஐயம் எழவில்லை. அதே வாசகத்தை நம்பி முன்னம் பலரைக் கல்லுடைக்க அனுப்பியவர் அவர்.

கடைசி ஓலை சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்யும் மாங்கோடனுடையது. உப்புத் திருடன் என்று ஆள் மாறிப் பிடித்து, வலக்கையை முறித்து, நில்லாத குற்றத்துக்கு ஏழாண்டுச் சிறையென்று அடைத்திருந்தீர். அவன் மனைவி வேம்பி விசாரணை அவைக்கு வந்து, தன் கணவன் பிறவிச் செவிடன் என்றும், மூன்று முறை என்ன, முரசைத் தலைமேல் வைத்து அடித்தாலும் திரும்பமாட்டான் என்றும், கூவிக் கூவி வீரருக்குத் தொண்டை கட்டியிருந்தால் தானே சுக்குக் கஷாயம் வைத்துத் தருவதாகவும் சொன்னாள். அவையில் சிலர் சிரித்தனர். பெருவிழுதனார் சிரிக்கவில்லை. நேரே உமது காவற்சாலைக்குப் போய் எழுத்தனின் பெட்டியைத் திறக்கச் செய்தார். அதே வாசகத்தை முன்னரே எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்ட ஓலைகள் கட்டாகக் கிடந்தன. அன்றே தம் முத்திரை மோதிரத்தைக் கழற்றி நமக்கு அனுப்பிவிட்டார்.

மூன்று அழைப்பு என்று விதித்தபோது, காது கேளாதவனை நாமும் நினைக்கவில்லை.

மாங்கோடனை விடுக என்று சென்ற திங்களில் ஆணையிட்டோம். உமது காவலர் சிறைவாயிலில் நின்று அதை மும்முறை உரக்கப் படித்தனராம். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தானாம். 'மும்முறை அழைத்தும் வெளிவராமையால் விடுவிக்க இயலவில்லை' என்று நீர் மறுமொழி எழுதியிருக்கிறீர்.

ஆகவே இவ்வாணை. இதை எவரும் உரக்கப் படிக்க வேண்டா. வேம்பியை உள்ளே விடுக. அவள் அவன் தோளைத் தொட்டு எழுப்பட்டும். அவ்விருவரும் வாயிலைக் கடந்தபின், உமது வாளையும் எழுத்தனின் பெட்டியையும் எடுத்துக்கொண்டு நம் முன் வருக.

பெருவிழுதனார் கழற்றிய மோதிரத்தாலேயே இவ்வோலைக்கு இலச்சினை இட்டோம். உம்மை ஒருமுறைதான் அழைக்கிறோம்.