ஏழாவது படியில் விட்டுப்போன ஆள்

என் கண்ணே செல்வி,

நம் செஞ்சிக் கோட்டையை உலகச் சின்னம் என்று அறிவித்து, பஸ் ஸ்டாண்டு முழுக்க அதே பேச்சாக இருந்த வருஷம்தான் உன் நிலத்துக்குத் தண்ணீர் நின்றது. நீ போனது அதற்கு முன்னே, ரேஷன் கடைக்குக் கைரேகை மெஷின் வந்த வருஷம். எழுத்து தெரியாத எனக்கு வருஷங்கள் இப்படித்தான் நினைவில் நிற்கின்றன. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது, நீ வேலை பார்த்த பள்ளியில் உன்னோடு கணக்குப் பாடம் எடுத்த சுநந்தா டீச்சர்.

உனக்கு நான் கொடுத்த அரை ஏக்கரில் உன் மகள் கயல் மல்லாட்டை போட்டிருக்கிறாள். விழுது மண்ணில் இறங்கிக் கடலை பிடிக்கிற நேரம். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. இத்தனை காலமும் பங்குக் கிணற்றில் என் முறைத் தண்ணீரிலேயே உன் நிலமும் நனைந்தது. இப்போது முறை உன் தம்பி முருகன் கையில். மோட்டார் பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டான்.

"பொம்பளப் புள்ளைக்குக் கெணத்துல இன்னா பங்கு நைனா? அதுவும் செத்துப்போன ஆளுக்கு?"

"நெலம் குடுத்தேனேடா."

"நெலம் குடுத்த. தண்ணி குடுத்தியா?"

 அதற்கான கணக்கை நீதான் ஒரு நாள் போட்டுக் காட்டினாய்.

ஆயில் இன்ஜினைத் தூக்கிவிட்டுக் கரண்ட் மோட்டார் இறக்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? கிணற்று மேட்டில் உன் அம்மாவும் சித்தப்பாவும் இருந்தார்கள். நீ காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தாய். முருகன் அரை டிராயர் போட்ட பயல். கிணறு வெட்டியவர் ஒருவர். அவருக்கு அடுத்து ஆறாவது தலைமுறை நான். நம் பங்கு கால்வீசம், அறுபத்து நான்கில் ஒன்று. "தலைமுறைக்கு எத்தன பேரு பிரிச்சிருப்பாங்க, சொல்லு பாப்போம்" என்று நீ கேட்டாய். நான் அறுபத்து நான்கை ஆறால் வகுத்து, பத்துக்கு மேல் என்றேன்.

"பத்துப் புள்ளயா பெத்தாங்க நம்ம வூட்ல?" என்று நீ சிரித்த சிரிப்பில் உன் அம்மாவுக்குப் புரையேறியது.

பங்கு வகுக்கப்படுவதில்லை, பெருகுகிறது என்றாய். எந்த எண்ணை ஆறு தரம் போட்டுப் பெருக்கினால் அறுபத்து நான்கு வருமோ, அதுதான் ஆறாம் படிமூலம். வாய்க்கால் சேற்றில் குச்சியால் கோடு இழுத்தாய். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, எட்டாகி, பதினாறாகி, முப்பத்திரண்டாகி, அறுபத்து நான்கில் வந்து நின்றது. "வர்க்கமூலம் எடுத்தா எட்டு. அது பாதி வழி, மூணாவது தலைமுறை. எட்டுக்குக் கனமூலம் ரெண்டு. பாத்தியா நைனா, ரெண்டுதான்!"

நான் விடவில்லை. என் தாத்தாவின் நைனா ஒற்றைப் பிள்ளை. அவருடைய நைனாவோ நாலு பேரில் ஒருத்தர். அப்புறம் எப்படி இரண்டு?

"நாலும் ஒண்ணும் பெருக்கினாலும் நாலு, ரெண்டும் ரெண்டும் பெருக்கினாலும் நாலு. யார் வூட்ல எத்தன பேருன்னு படிமூலம் சொல்லாது நைனா. எல்லா வூட்டையும் சமமாக்கிக் காட்டும், அவ்ளோதான்."

பிறகு கோடு போடாமல், வாய்க்கணக்காகவே ஏழாவது படிக்கு, உங்கள் தலைமுறைக்கு வந்தாய். நூற்று இருபத்தெட்டு என்றால் ஏழாம் படிமூலமும் இரண்டுதான். ஏழு தலைமுறை ஆகியும் அறுபத்து நான்கிலேயே நின்றுவிட்டால் முழுசாக வராது, இரண்டுக்குக் கீழே இறங்கிவிடும் என்றாய். ஏழாவதில் ஒற்றைப் பிள்ளை வீடு என்றால் அது சரி. நான் பெற்றது ஒற்றைப் பிள்ளை இல்லையே, செல்வி. இன்றைக்கு முருகன் சொல்கிற கணக்கு அந்தக் குறைந்த கணக்குதான். குறைந்த இடத்தில் நீ நிற்கிறாய்.

என் பங்கில் பாதியைக் கயல் பேருக்குக் கைநாட்டு வைத்துக் கொடுக்கலாம் என்கிறார் டீச்சர். கொடுப்பேன். ஆனால் நான் போன பிறகும் அந்த மோட்டார் பெட்டி இருக்கும், சாவியும் அவனிடம் இருக்கும். மனசில்லாதவன் கையிலிருந்து அவளுக்குத் தண்ணீர் வருமா? அவனோடு சண்டை போட்டு அவன் வீட்டுச் சோற்றையே தின்ன என்னால் ஆகுமா? சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் காய்ந்த மண்தான் கண்ணில் வருகிறது.

ஒன்று மட்டும் உறுதி. அடுத்த தண்ணீர் முறை வருகிற காலையில் அவனை அதே வாய்க்காலுக்குக் கூட்டிப் போவேன். அன்றைக்கு நீ ஆறாவதோடு குச்சியைக் கீழே வைத்ததும், அதை எடுத்து ஏழாவது கோட்டை இரண்டாகப் பிரித்து, "இது நானு, இது அக்கா" என்று ஒருவன் சொன்னான். அந்த மேட்டில் அன்று இருந்தவர்களில் இன்று உன் அம்மா இல்லை, சித்தப்பா இல்லை, நீ இல்லை. அந்தக் கோட்டுக்குச் சாட்சி சொல்ல என்னைத் தவிர உயிரோடு இருப்பது, அதைப் போட்டவன் ஒருவன்தான்: உன் தம்பி முருகன்.

இரண்டு பிள்ளை பெற்ற,
உன் நைனா