வாக்காளர் பட்டியலில் இன்னும் நான்

குடியுரிமை விண்ணப்பத்துக்கான காகிதங்களைத் தேடி மேசை டிராயரைக் கவிழ்த்தபோது பழைய வாக்காளர் அட்டை கீழே விழுந்தது. அதிலிருக்கும் படத்தைப் பார்த்து, "திருட்டு முழிடா உனக்கு" என்று தாலுகா ஆபீஸ் வாசலிலேயே நீ சிரித்தது ஞாபகம் வந்தது. இங்கே ஜெர்மனியில் சேர்ந்து சிரிக்க ஆளில்லை, தனியாகச் சிரித்தேன். நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது.

நான் படிக்கக் கிளம்பியதும் அப்பாவும் அம்மாவும் தஞ்சாவூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஊரில் எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது. பட்டியலைச் சரிபார்க்க ஆண்டுதோறும் வரும் டீச்சர், பூட்டைப் பார்த்ததும் என் பெயரை அடிக்கப் போவார். அடுத்த வீட்டுக்காரன் நீ, நடவு வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவருவாய். "படிக்கத்தான் போயிருக்கான் டீச்சர். அறுப்புக்குள்ள வந்துருவான்." முதல் இரண்டு வருடம் அது உண்மை. பிறகு எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள். நீ மட்டும் விடாமல் என்னைப் படிக்க வைத்தாய். "ஏழு வருசமா அப்படி என்னங்க படிப்பு?" என்று டீச்சர் கேட்டாராம். "மக்கு டீச்சர் அவன், மெதுவாத்தான் ஏறும்" என்றாயாம். இதைப் போனில் நீயே சொல்லிச் சிரித்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை.

ஒரு தேர்தலுக்கு விடுமுறையில் வந்திருந்தேன். சாவடிக்குள் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த நீ எழுந்து நின்று, வாசலில் இருந்த டீச்சர் காதில் விழும்படி, "பாத்துக்குங்க டீச்சர், ஆளு வந்தாச்சு" என்று கத்தினாய். வரிசையே சிரித்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

விண்ணப்பிக்கப் போவதை மட்டும் உன்னிடம் சொல்லவில்லை. மகளுக்காக, வேலைக்காக என்று நியாயமான காரணங்கள் வைத்திருந்தேன். ஆனால் இந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டால் நம்மூர்ப் பட்டியலிலிருந்து என் பெயரை நானே எழுதிக் கொடுத்து எடுக்க வேண்டும். அதைச் சொல்லப் பயந்தேன். பொங்கலுக்கு வரும்போது நேரில் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, நீ வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய் என்று செய்தி வந்தது.

நேற்று உன் மனைவி செல்வி பேசினாள். டீச்சர் வந்தாராம். இறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு உன் பெயரை அடித்தாராம். பேனா என் பெயருக்கு வந்ததும் செல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டாளாம். "ஒரே நாள்ல ரெண்டு பேரு வேணாம் டீச்சர்." டீச்சர் தாளை மடித்து வைத்துவிட்டாராம்.

"உங்க பேரக் காப்பாத்திட்டேண்ணே" என்றாள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "நல்லதும்மா" என்றேன்.

கையெழுத்துப் போடத்தான் போகிறேன்டா. அதற்கு முன் ஊருக்கு வந்து செல்வியிடம் நேரில் சொல்வேன். அவள் அழுவாள், பிறகு புரிந்துகொள்வாள். நீயாக இருந்தால் தெருவே கேட்கத் திட்டியிருப்பாய். உன்னிடம் வாங்காமல் போன அந்தத் திட்டைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.