பழைய அளவு

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறாரா? நான் நலம்.

பட்டறை, மருத்துவமனை, பள்ளி மூன்றையும் ஒன்றுசேர்ப்பதுதான் என் வேலை என்று சொல்லியிருந்தேன் அல்லவா? நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு காலைத் தாங்கிப்பிடிக்கும் லேசான, மலிவான காலிப்பர் ஒன்றைச் சேர்ந்து உருவாக்கினோம். முதலாவது, ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்கு. நாலு மாதம் முன்பே தயார்.

மூன்று இடத்துப் பொறுப்பாளர்களும் கையெழுத்திட்டால்தான் அது வெளியே போகும். அதில் ஒட்டும் சீட்டில் யார் பெயர் முதலில் என்று ஐந்து கூட்டம் நடந்தது.

“ஐடியா எங்களோடது,” என்றார் மருத்துவர்.

“ஐடியாவை மாட்டிக்கிட்டா அந்தப் பொண்ணு நடக்கப்போகுது?” என்றார் பட்டறைக்காரர்.

தலைமையாசிரியை அகரவரிசை போதும் என்றார். அப்படிப் பார்த்தால் அவர் பள்ளியின் பெயர்தான் முதல். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று யாரையும் கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சிறுமி ஆசையாய்க் காலை நீட்டினாள். காலிப்பர் ஏறவில்லை.

“நான் வளந்தது தப்பாண்ணா?”

பட்டறைக்காரருக்குப் போன் செய்தேன். “சீட்டு கிடக்கட்டும், அளவெடுத்துட்டு வா,” என்றார். அளவெடுக்க இன்று மறுபடியும் போகிறேன். வேலை போனாலும் போகும், பயப்படாதே.

எனக்குச் சட்டை தைக்கத் தையல்காரரிடம் பழைய அளவைக் கொடுத்துவிடாதே. கொஞ்சம் இளைத்திருக்கிறேன், அவ்வளவுதான். இப்போதைய அளவுக்கு நூலில் முடிச்சுப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். சீக்கிரம் கொடு அம்மா, அதுவும் மாறிவிடும்.

பஸ் வந்துவிட்டது.

உன் மகன்