மூன்று பிள்ளைகள், இரண்டு தாள்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், அவள் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. நீயும் சுகம்தானே? போனில் சொன்னால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று அவசரப்படுத்துவாய், இது அவசரமாய்க் கேட்கிற விஷயமில்லையம்மா. எழுதக் கை பரபரக்கிறது.

மாடி அறைக்கு ஒரு பெண் குடிவந்திருக்கிறாள் என்றேனே, வெளிநாட்டிலிருந்து மானிடவியல் ஆராய்ச்சிக்கு வந்தவள், நம் மொழியைக் கற்றுக்கொண்டே வந்திருக்கிறாள். படிப்பென்றால் புத்தகம் என்று நினைத்தேன், இவளானால் அம்மாவோடு உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள், அச்சகத்துக்கும் என் பின்னாலேயே வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். கேட்டால், அந்தக் காலத்தில் பெரிய அறிஞர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, கப்பலில் போய்வந்தவர்கள் எழுதியனுப்பியதை வைத்து உலக மனிதர்களைப் பற்றியெல்லாம் எழுதித் தள்ளினார்களாம், பிறகுதான் நேரில் போய்க் கூடவே வருஷக்கணக்கில் இருந்து, அவர்கள் பேச்சைப் பேசி, பார்த்ததை அன்றன்றே குறித்துவைக்கும் வழக்கம் வந்ததாம். தொல்லியல்காரர்கள் மண்ணைத் தோண்டி, எது மேலே கிடந்தது எது கீழே கிடந்தது என்று அடுக்கடுக்காகக் குறிப்பார்கள், நாங்கள் உயிரோடிருப்பவர்களைக் கேட்கிறோம், அவ்வளவுதான் என்றாள். நல்லவேளை, என்னைத் தோண்டாமல் விட்டாயே என்றேன், அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்!

போன வாரம் நம் வீட்டு உறவுப் படம் போட்டாள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க என்றாள். மூணு பொண்ணுங்க என்றேன் யோசிக்காமல், நீயும் உன் சித்தப்பா மகள்கள் இரண்டு பேரும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்ப்பது அவர்கள் முறையாம், அதனால் இரண்டு தெரு தள்ளியிருக்கிற உன் சித்தப்பாவிடமும் போய்க் கேட்டிருக்கிறாள். அச்சகத்துக்குப் புது இயந்திரம் வாங்குவதில் வாய்ச்சண்டையாகி நானும் அவனும் பேசிப் பதினோரு வருஷமாகிறது, அது பாவம் அவளுக்கு எப்படித் தெரியும்? நேற்றுக் காலை இரண்டு தாளையும் மேசைமேல் விரித்துக்கொண்டு முழிக்கிறாள். ரெண்டு பேரும் இதே மூணு பேரைச் சொல்றீங்க, இதுல யாருக்கு யார் அப்பா என்று கேட்கிறாள்.

எட்டிப் பார்த்தேன். உன் சித்தப்பா சொல்லிப் போட்ட தாளில் அவனுக்குக் கீழே மூன்று வட்டம், முதல் வட்டம் நீ. அண்ணன் தம்பி பிள்ளைகளை எங்கள் பிள்ளைகள் என்றுதான் சொல்வோம் என்று அவளுக்கு விளக்கினேன். கூத்தைக் கேள், உன் பிறந்த தேதியை நான் ஒரு நாள் தள்ளிச் சொல்லியிருக்கிறேன், அவன் சரியாகச் சொல்லியிருக்கிறான்! அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

தாளைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலையேண்ணே என்றான். இல்லடா என்றேன். உன் சித்திதான் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தாள். சாயங்காலம் அந்தப் பெண் படத்தைத் திருத்த ரப்பரோடு அங்கேயே வந்தாள். அழிக்காதேம்மா, சரியாத்தான் இருக்கு என்று உன் சித்தப்பா தடுத்துவிட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம்.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்ததும் எனக்கு முன்னால் உன் சித்தப்பாவுக்குப் போன் செய், மறந்துவிடாதே. பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான், பேனாவைக் கொடு என்று பிடுங்குகிறான்.

இப்படிக்கு,
அப்பா
சித்தப்பா