சகலை வீட்டுக் கோழிக்கூண்டு

மார்ச் 3, ஞாயிறு

கூண்டு வேலை இன்றோடு முடிந்தது. மூன்று வாரம் பிடித்தது. நாலுக்கு ஆறு அடி, தகரக் கூரை, கதவுக்குக் கொண்டி. இருபத்தெட்டு வருஷமாகப் பட்டறையில் லேத் முன்னால் நிற்கிறவன் நான். மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன், மயிரிழைகூடக் கோணல் இல்லை. முட்டையிட மூன்று பெட்டிகள், நெஞ்சு உயரத்தில். வீட்டுக்காரி குனியாமல் கையை விட்டு முட்டை எடுக்கலாம். கோழிகள் ராத்திரி ஏறி அடைவதற்குக் கீழே முழங்கால் உயரத்தில் ஒரு இரும்புக் குழாய்.

இவள் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அந்தத் 'தான்' எதற்கு?

பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி, "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள்.

அவர் என்றால் என் சகலை. இவள் தங்கையின் வீட்டுக்காரர், கடைத்தெருவில் சலூன் வைத்திருக்கிறார். இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் மார்பளவு சுவர் ஒன்றுதான். அங்கே எட்டுக் கோழிகள். ஒரு வருஷமாகத் தெருவில் பாதிப் பேர் அந்த முட்டையைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

நான் எதற்குக் கேட்க வேண்டும்? அவர் கத்தரிக்கோல் பிடிக்கிறவர். நான் இரும்பைக் கடைகிறவன்.

மார்ச் 6, புதன்

ஆறு கோழிகளும் வந்துவிட்டன. பொழுது சாய்ந்ததும் ஆறும் முட்டைப் பெட்டிக்குள் போய் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துகொண்டன. குழாய் காலியாகக் கிடக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

பெட்டியெல்லாம் எச்சம். இடுகிற ஒன்றிரண்டு முட்டையும் அதிலே புரண்டு கிடக்கிறது. இவள் மூக்கை மூடிக்கொண்டு கழுவினாள். "என்னங்க, இதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல. போய்க் கேளுங்களேன்."

போகவில்லை.

மார்ச் 13, புதன்

அவர் சலூனுக்குக் கிளம்பிய பிறகு சுவரை எட்டிப் பார்த்தேன். கூண்டு என்று சொல்லவே வாய் வராது. பழைய கதவுப் பலகை, பழச்சந்தைப் பெட்டிகள், ஒரு ஆணிக்கும் இன்னொரு ஆணிக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அடைகிற இடம் மேலே, பெட்டிகள் கீழே. கோழிக்கு எது உயரமோ அங்கேதான் தூக்கம். நான் தலைகீழாக வைத்திருக்கிறேன். அதோடு அவர் உருட்டுக் குழாய் வைக்கவில்லை, நாலு விரல் அகலத்துக்குத் தட்டைப் பலகை. கோழி அதில் கால் விரலை மடக்காமல் அப்படியே அமர்ந்துகொள்ளும். பெட்டி வாயில் பழைய சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறார், உள்ளே இருட்டாக இருக்கட்டும் என்று.

மச்சினி வெளியே வந்துவிட்டாள். "என்ன மாமா, எதையாவது தேடறீங்களா?"

"ஒண்ணுமில்லம்மா, காத்து வாங்குறேன்."

காற்று வாங்குகிற லட்சணம்! பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் கழுத்தை நீட்டிக்கொண்டு.

மார்ச் 16, சனி

எல்லாவற்றையும் கழற்றி மாற்றினேன். பலகை மேலே, பெட்டிகள் தரையிலிருந்து ஒரு முழம். சாக்குக்குப் பதிலாக நல்ல கறுப்புத் துணி. பெட்டிக்குள் புது வைக்கோல். ஆறும் பலகையில் ஏறி வரிசையாக அடைந்தன. பார்த்துக்கொண்டே நின்றேன்.

இவளைக் கூப்பிட்டு, "யோசிச்சு மாத்தினேன்" என்றேன்.

"அட, அப்படியே அவரு கூண்டு மாதிரி இருக்கே!"



மார்ச் 19, செவ்வாய்

மூன்று நாளாக முட்டையே இல்லை. காரணம் இன்று தெரிந்தது. காலையில் எங்கள் சிவப்புக் கோழி செவப்பி சுவரில் ஏறி, இறக்கையை ஒரு உதறு உதறி, அந்தப் பக்கம் குதித்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு. அளந்து, இழைத்து, உப்புத்தாள் போட்டு நான் செய்த பெட்டி வேண்டாமாம். சகலையின் பழப்பெட்டிதான் வேண்டுமாம்.

சாயங்காலம் அவரே கிண்ணத்தோடு வந்தார். ஐந்து முட்டை. "உங்க வீட்டுப் பிள்ளைங்க நம்ம வீட்டுக்கு வந்து போட்டுட்டுப் போகுது சகல. புது எடமாச்சே, கொஞ்ச நாள்ல பழகிடும்."

ஆறுதல் சொல்கிறாராம். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

மார்ச் 21, வியாழன்

கோழிகளைப் பிடித்து வருகிறேன் என்று இவள் அந்தப் பக்கம் போனாள். திரும்ப ஒரு மணி நேரம். நடுவில் அவள் சிரிப்பது கேட்டது. அடிவயிற்றிலிருந்து வரும் சிரிப்பு. அதை நான் கடைசியாக எப்போது கேட்டேன்? கல்யாணமான புதிதில் கேட்டிருப்பேனா?

"என்ன அப்படி ஒரு சிரிப்பு?" என்றேன்.

"சும்மா, சலூன்ல நடந்த கதை ஒண்ணு சொன்னாரு."

"என்ன கதை?"

"நீங்க கேட்டா சிரிக்க மாட்டீங்க."

மார்ச் 23, சனி

சகலை வந்தார். இன்னும் நாலு கோழி வாங்குகிறாராம், அடைய இன்னொரு பலகை வேண்டும். சுவரில் பொருத்த இரண்டு இரும்புத் தாங்கி செய்து தர முடியுமா? "கடையில விக்கிறதெல்லாம் தகரம் சகல. உங்க கைபட்டா நூறு வருஷம் நிக்கும்."

இவள் நான் வாயைத் திறப்பதற்குள், "அதுக்கென்ன, செஞ்சு குடுப்பாரு" என்றாள்.

மார்ச் 25, திங்கள்

பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தாங்கியும் வெட்டிப் பற்றவைத்தேன். ஒன்று சுத்தம். இன்னொன்றில் பற்றவைத்த இடத்தில் விரிசல் ஓடியிருந்தது, நகக்கீறல் மாதிரி. இரும்பு ஆறும்போதே கண்ணில் பட்டுவிட்டது. தேய்த்துவிட்டு மறுபடி பற்றவைக்கப் பத்து நிமிஷம் போதும்.

அதன்மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன்.

ஏன்? என்ன நினைத்தேன்? பலகை ஒரு நாள் சாயும், கோழிகள் படபடவென்று கீழே விழும், அவர் கூண்டும் ஒரு தடவை பிசகும், இவளும் அதைப் பார்ப்பாள். அவ்வளவுதான் நினைத்தேன். அவ்வளவுதானா?

மார்ச் 26, செவ்வாய்

கொடுத்துவிட்டேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கடையில வாங்கினதுகூட இவ்வளவு அழகா இருக்காது" என்றார்.

மார்ச் 29, வெள்ளி

ஐயோ.

காலையில் சலூன் திறக்கப் போகுமுன் புதுப் பலகைக்கு அடியில் குந்தி எச்சம் சுரண்டியிருக்கிறார். எழும்போது பிடிமானத்துக்குப் பலகையைப் பிடித்திருக்கிறார். தாங்கி முறிந்துவிட்டது. பின்னால் சாய்ந்தவர் வலது கையைச் சிமெண்டுத் தரையில் ஊன்றிவிட்டார். மச்சினி போட்ட சத்தத்தில் நான்தான் சுவரேறிக் குதித்தேன். மணிக்கட்டு பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கத்தரிக்கோல் பிடிக்கிற கை. வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, "என் வெயிட்டுக்கு அது என்ன பண்ணும் சகல, என் தப்புதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

திரும்பி வந்ததும் முறிந்த தாங்கியை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

சலூன் பூட்டிக் கிடக்கிறது. அவர் வீட்டில் கூட்டம். தபால்காரர், மருந்துக்கடைக்காரர், தெருக்கோடி டீச்சர். ஆளுக்கொரு பழப்பை. எனக்கு ஒன்று என்றால் இத்தனை பேர் வருவார்களா என்று ஒரு நினைப்பு ஓடியது. இங்கே எழுதத்தானே வேண்டும், எழுதிவிடுகிறேன்: கை உடைந்து கிடக்கிறவரைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நான் என்ன ஜென்மம்?

மச்சினி எல்லாரிடமும் சொல்கிறாள்: "மாமா மட்டும் இல்லன்னா அன்னைக்கு என்ன ஆயிருக்குமோ."

ஏப்ரல் 3, புதன்

இவளிடம் சொன்னேன். தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். தாங்கியை எடுத்து மேடைமேல் வைத்து, விரிசலைக் காட்டி, தெரிந்துதான் பெயிண்ட் அடித்தேன் என்றேன்.

குழாயை மூடினாள். ஈர விரலால் விரிசலைத் தடவிப் பார்த்தாள்.

"ஏன்?"

"நீ அங்க சிரிக்கிற."

கையைத் துடைத்துக்கொண்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நான் சிரிச்சா, என்ன சிரிப்புன்னு விசாரணை வைக்கிறீங்களே தவிர, பக்கத்துல வந்து நிக்கிறீங்களா?" என்றாள். தாங்கியை என் பக்கம் தள்ளி, "நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன். மறைக்கவும் மாட்டேன்" என்றாள்.

ஏப்ரல் 4, வியாழன்

சொல்லிவிட்டேன். சுவர் தாண்டவில்லை. தெருவைச் சுற்றி வாசல் வழியாகவே போனேன். நாற்காலியில் இருந்தார், கை தலையணைமேல். மச்சினி கடைக்குப் போயிருந்தாள்.

எல்லாம் கேட்டுவிட்டு, "தெரிஞ்சே குடுத்தீங்களா?" என்றார்.

"தெரிஞ்சேதான்."

"கோழிக்காகவா சகல?"

"கோழிக்காக மட்டும் இல்ல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உங்களைப் பத்தி நான் கடையில எவ்வளவு பெருமையாப் பேசியிருக்கேன் தெரியுமா... சரி. நீங்க கிளம்புங்க."

ஏப்ரல் 5, வெள்ளி

மச்சினிக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஏப்ரல் 8, திங்கள்

அவர் கூண்டைச் சுத்தம் செய்ய ஆளில்லை. மச்சினிக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது, இரைப்பு வரும். காலை ஆறு மணிக்குப் போய் நின்றேன். "வேண்டாம்" என்று யாரும் சொல்லவில்லை. "வாங்க" என்றும் சொல்லவில்லை. எச்சம் சுரண்டினேன், தண்ணீர் மாற்றினேன், பெட்டியில் வைக்கோல் மாற்றினேன், வந்துவிட்டேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

இரண்டு வாரமாகத் தினமும் போகிறேன். இன்று பின்படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார். விழுந்த பலகைக்குப் புதுத் தாங்கி நான்கு கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொன்றையும் அவர் கண்முன்னாலேயே தரையில் வைத்து, மேலே ஏறி நின்று காட்டினேன். பொருத்தும்போது முதல்தடவையாகப் பேசினார். "இன்னொரு பலகைக்கு நேர் கீழ வைக்காதீங்க. மேல இருக்கறது கீழ இருக்கறதுமேல எச்சம் போடும்."

தள்ளி வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் தள்ளினேன். என் பட்டறையில் என்னை இப்படி யாராவது ஏவியிருந்தால் ஸ்பானரை வீசிவிட்டுப் போயிருப்பேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

இவளும் காலையில் கூட வருகிறாள். அவர் ஏதோ சொல்ல, இவள் சிரித்தாள். எனக்கு உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

மே 12, ஞாயிறு

மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. கை மெலிந்து, வெளுத்து, யாருடைய கையோ போல இருக்கிறது. ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டே இருக்கிறார். விரல் முன்போல வரும் என்றுதான் சொல்கிறார்கள்.

மே 19, ஞாயிறு

சலூன் இன்று திறந்தது. போகலாமா வேண்டாமா என்று தெருமுனையில் இரண்டு தடவை திரும்பிவிட்டு, கடைசியில் போனேன். யாருமில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நாற்காலியைத் துண்டால் தட்டினார். உட்கார்ந்தேன்.

நுரை தடவினார். கத்திக்குப் புதுப் பிளேடு மாட்டினார். வலது கையில்தான் பிடித்தார். அந்தக் கை கொஞ்சம் நடுங்கியது, எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. இடது கையால் என் தாடையைத் தூக்கிக் கழுத்தை நிமிர்த்தினார்.

"இன்னும் யாருக்கும் ஷேவிங் பண்ணிப் பாக்கல. நீங்கதான் முதல் ஆள். பயமா இருக்கா சகல?"

"இருக்கு."

"எனக்கும்தான்" என்றார். "அசையாம இருங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அசையவில்லை.